'பாரனாய்ட்' ஆல்பத்தை முழுமையாக மேடையேற்றுவது எப்படி? சுங்கை சிப்புட் இசைக்குழுக்களுக்கான கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத்தின் 'பாரனாய்ட்' ஆல்பம் 1970 செப்டம்பர் 18 அன்று வெளிவந்தது. எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 42 நிமிடம். அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இசைத்தட்டின் வரிசையிலேயே, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட் மண்டபத்தில் வாசிக்க நினைக்கும் குழுக்களுக்காக இந்தப் பக்கம். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் தொடர்) வாசிக்கத் தெரியும், மேடை அனுபவம் கொஞ்சம் உண்டு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

முழு ஆல்பமும் எதற்கு? பிரபலமான நான்கு பாட்டு போதாதா?

நான்கு பாட்டு வாசித்தால் அது கச்சேரி. எட்டையும் வரிசையாக வாசித்தால்தான் இந்த ஆல்பத்தின் கனம் எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்துக்குப் புரியும். 'பாரனாய்ட்' வேகமாக ஓடி முடிந்த கையோடு 'பிளானட் கேரவன்' கிட்டத்தட்ட தாலாட்டாக வருகிறது. அந்த அமைதிக்குப் பிறகு 'அயர்ன் மேன்' பாட்டின் கிக் டிரம் தனியாக அடிக்கும்போதுதான் அது நெஞ்சில் இறங்கும். மெதுவான பாட்டை வெட்டிவிட்டால் அந்த அடி பாதியாகிவிடும்.

பெரிய குழுக்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள். மெட்டாலிக்கா 2006இல் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' முழுவதையும் வாசித்தது. ஜூடாஸ் பிரீஸ்ட் 2009இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தை வாசித்தது. மெட்டாலிக்கா 2012இல் தன் கறுப்பு ஆல்பத்தைக் கடைசிப் பாட்டில் தொடங்கித் தலைகீழாக வாசித்தது. 'பாரனாய்ட்' அந்தத் தலைகீழ் வரிசையைத் தாங்காது. இதன் முதல் பாட்டு முதலில்தான் வர வேண்டும்.

இத்தனை ஆல்பம் இருக்க, ஏன் இது?

நான்கு பேர் போதும், சுருதி சாதாரண ஈ, வேகம் மனிதக் கைக்கு எட்டுவது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்துக்கு வலது மணிக்கட்டை ஒரு வருடம் பழக்க வேண்டும். 'பாரனாய்ட்' ஆல்பத்தை உழைக்கும் குழு பத்து வாரத்தில் மேடைக்குக் கொண்டுவரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இது தொழிற்சாலை ஊரில் பிறந்த இசை. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்த குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமி, 17 வயதில், அங்கே தன் கடைசி வேலை நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி போட்டு மறுபடி வாசித்தார். பால்மரக் காட்டிலும் செம்பனை ஆலையிலும் வேலை பார்த்த குடும்பங்களின் ஊரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பாட்டு வரிசை என்ன?

முதல் பக்கம்: 'வார் பிக்ஸ்' (7:57), 'பாரனாய்ட்' (2:48), 'பிளானட் கேரவன்' (4:32), 'அயர்ன் மேன்' (5:56). இரண்டாம் பக்கம்: 'எலெக்ட்ரிக் ஃபியூனரல்' (4:53), 'ஹேண்ட் ஆஃப் டூம்' (7:08), 'ராட் சாலட்' (2:30), 'ஃபேரிஸ் வேர் பூட்ஸ்' (6:15). அமெரிக்கப் பதிப்பில் 'வார் பிக்ஸ்' பாட்டின் கடைசிப் பகுதிக்கு 'லூக்ஸ் வால்' என்றும், 'ஃபேரிஸ்' பாட்டின் தொடக்கத்துக்கு 'ஜாக் தி ஸ்டிரிப்பர்' என்றும் தனிப்பெயர் இருக்கும். இசை அதேதான், புதிதாக எதுவும் கற்க வேண்டாம்.

பக்கம் திருப்பும் இடத்தில், அதாவது நான்காம் பாட்டுக்குப் பிறகு, 2 நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர், சுருதி, பேச்சு எல்லாம் அங்கேதான்.

இரண்டாவது கிட்டார் வேண்டுமா?

வேண்டாம். பதிவில் சில சோலோக்கள் இரட்டைக் கிட்டாரில் கேட்கும். மேடையில் அவர்கள் ஒரு கிட்டாரோடுதான் வாசித்தார்கள். சோலோ வரும்போது அடியில் வெற்றிடம் தெரிகிறது என்றால் அதைப் பேஸ்காரர் நிரப்ப வேண்டும். பேஸ் ஆம்பில் லேசான கரகரப்பு வரும் அளவுக்கு கெயினை ஏற்றுங்கள். சோலோவின்போது வேர் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல் ரிஃப்பை முழுதாக வாசியுங்கள். பிளாக் சப்பாத்தின் பேஸ்காரர் கீசர் பட்லர் செய்தது அதுதான்.

எந்தச் சுருதி? பாடகருக்கு எட்டவில்லை.

பதிவு ஈ சுருதியில் உள்ளது. சுருதி இறக்கியதால்தான் இந்த ஆல்பம் கனமாக ஒலிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றரைச் சுரம் இறக்கியது அடுத்த ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்.

பிளாக் சப்பாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் குரல் உயரத்தில் 42 நிமிடம் நிற்பது எல்லோருக்கும் முடியாது. அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்குங்கள், தவறில்லை. அரைச் சுரத்துக்கு 10-46 தந்தி போதும். ஒரு சுரம் என்றால் 11-48 போடுங்கள். தந்தி அளவை மாற்றினால் கழுத்தின் வளைவையும் இன்டனேஷனையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். அதை நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள், மரம் நிலைகொள்ள நேரம் வேண்டும்.

கிட்டார் ஒலி ஏன் பதிவு மாதிரி வரவில்லை?

பெரும்பாலும் டிஸ்டார்ஷன் அதிகமாக இருப்பதால்தான். இன்றைய ஹை-கெயின் பெடல்கள் ஒலியை நசுக்கிச் சமப்படுத்திவிடும். மெதுவாக வருடினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவுதான் வெளியே வரும். இந்த ஆல்பத்துக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. ஐயோமியின் கருவிகள் கிப்சன் எஸ்ஜி, ரேஞ்ச்மாஸ்டர் டிரெபிள் பூஸ்டர், லேனி வால்வ் ஆம்ப். உங்களிடம் உள்ளதை வைத்து இப்படித் தொடங்குங்கள்: கெயின் 5, மிட் 7, பேஸ் 4, டிரெபிள் 6, ஆம்புக்கு முன்னால் ஒரு டிரெபிள் பூஸ்டர், அது இல்லாவிட்டால் டிரைவ் பூஜ்யத்தில் வைத்த ஓவர்டிரைவ். மிட்டைக் குறைத்து 'வி' வடிவம் வைக்காதீர்கள். அறையில் தனியாகக் கேட்க நன்றாக இருக்கும், மண்டபத்தில் டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும்.

20 அல்லது 30 வாட் வால்வ் ஆம்ப் போதும். முன்னால் ஓர் எஸ்எம் 57 மைக், கோனின் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

'அயர்ன் மேன்' தொடக்கத்தில் அந்த முனகல் எப்படி?

இடது கை ஆறாவது தந்தியை எந்தக் கட்டையிலும் அழுத்தாது. நட்டுக்கும் (கழுத்தின் நுனியில் தந்திகள் படியும் சிறு கட்டை) சுருதிச் சாவிக்கும் நடுவில் இருக்கும் சிறு துண்டுத் தந்தியை விரலால் கீழே அழுத்த வேண்டும். திறந்த ஈ மேலே வளைந்து எழும்; விட்டால் இறங்கும்.

ஃபிளாய்ட் ரோஸ் (தந்தியைப் பூட்டிவைக்கும் ஆடுபாலம்) உள்ள கிட்டார் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நட்டிலேயே தந்தி பூட்டப்பட்டிருப்பதால் பின்னால் எவ்வளவு அழுத்தினாலும் சுருதி அசையாது. மேலே இழுக்க இடம் விட்டு அமைத்த பாலமாக இருந்தால் ஆடுதண்டைப் பின்னுக்கு இழுத்து அதே வளைவைக் கொண்டுவரலாம். இல்லையென்றால் அந்த ஒரு பாட்டுக்காவது சாதாரண நட் உள்ள கிட்டாரை இரவல் வாங்குங்கள்.

தொடக்கத்தில் வரும் இயந்திரக் குரலுக்கு மேசைக் காற்றாடி போதும். சுழலும் காற்றாடியின் பின்பக்கம் நின்று பேசி, முன்பக்கம் ஒரு சாண் தள்ளி மைக் வையுங்கள். மைக்குக் காற்றுத் தடுப்புப் பஞ்சு போடாவிட்டால் ஒலிபெருக்கிப் பெட்டியில் 'புஸ் புஸ்' என்றுதான் கேட்கும்.

எங்கள் டிரம்மர் உறுமி மேளக் குழுவில் அடிப்பவர். சரிவருமா?

நன்றாகவே வரும். பிளாக் சப்பாத்தின் டிரம்மர் பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பாவின் ரசிகர். அவர் அடியில் ஊசல் இருக்கும். மெட்டல் மட்டுமே அடித்துப் பழகியவர்கள் 'வார் பிக்ஸ்' பாட்டின் தொடக்கத்தை நேர்கோடாக அடித்து அதைச் சாகடித்துவிடுவார்கள். அது மும்மூன்றாகப் பிரிந்து உருளும் நடை. உறுமியில் மும்மை நடை கையில் ஏறியவருக்கு அந்த உருளல் சொல்லிக்கொடுக்காமலே வரும்.

அவர் பழக வேண்டியது வேறு: அடிக்காமல் இருப்பது. 'வார் பிக்ஸ்' பாடல் வரிகளின்போது ஹை-ஹாட் மட்டும் ஓடும். கிட்டார் இரண்டு அடி கொடுத்துவிட்டு விலகும். பாடகர் தனியாக நிற்பார். அந்த இடைவெளியை ரோல் போட்டு நிரப்பத் தோன்றும். நிரப்பக் கூடாது. டபுள் பெடலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

'ராட் சாலட்' பாட்டில் டிரம் சோலோ இருக்கிறது. அதை உறுமியோடு சேர்த்து ஒரு நிமிடம் நீட்டலாம், ஊர்க்கூட்டம் எழுந்து நிற்கும். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். திரும்பி வருவதற்கான அடையாள அடியை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கிளிக் டிராக் (வாசிப்பவர் காதில் ஒலிக்கும் தாளக் கணக்கு) போடலாமா?

வேண்டாம். பாட்டுகளுக்கு உள்ளேயே வேகம் மாறுகிறது. 'ஹேண்ட் ஆஃப் டூம்' ஒன்றிலேயே பேஸ் தனியாகத் தவழ்ந்து தொடங்கி, நடுவில் ஓட்டமெடுத்து, மறுபடி தவழும். ஆனால் 'பாரனாய்ட்' பாட்டுக்கு மட்டும் டிரம்மர் பக்கத்தில் ஒளி மட்டும் மின்னும் மெட்ரோனோம் வைத்து, 163 அளவில் இரண்டு பார் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். மேடைப் பதற்றத்தில் இந்தப் பாட்டு 175க்கு ஏறிவிடும், பாடகருக்கு மூச்சுவிட இடமிருக்காது.

'பிளானட் கேரவன்' மேடையில் எடுபடுமா?

குழுக்கள் அதிகம் பயப்படும் பாட்டு இது. சரியாக வந்தால் அதிகம் நினைவில் நிற்பதும் இதுதான். பதிவில் குரல் லெஸ்லி என்ற சுழல் ஸ்பீக்கர் வழியாகச் சென்றது, பில் வார்ட் காங்கா வாசித்தார், ஒலிப்பொறியாளர் டாம் ஆலம் பியானோ வாசித்தார்.

காங்காவுக்குப் பதில் தபேலா வைத்துக்கொள்ளலாம். ஊரில் பஜனைக் குழுவில் வாசிப்பவர் ஒருவராவது கிடைப்பார். பாயாவை (தபேலாவின் பெரிய வாத்தியம்) மெதுவாக, தோலுக்கு நெருக்கமாக வைத்த மைக்கில் வாசிக்கட்டும்.

குரலுக்குச் சுழல் ஒலி வேண்டுமென்றால் மைக்கை நேராகக் கிட்டார் பெடலில் செருகாதீர்கள், அளவு பொருந்தாமல் மெலிந்து போகும். மிக்சரின் ஆக்ஸ் செண்டிலிருந்து (துணை வெளியீடு) ரோட்டரி அல்லது கோரஸ் பெடலுக்கு அனுப்பி, திரும்பி வருவதைத் தனிச் சேனலில் வாங்குங்கள். மிக்சரிலிருந்து வருவது பெடலுக்கு அதிகம். ஆக்ஸைக் கால்வாசிக்கு மேல் திறந்தால் பெடல் உடைந்து கரகரக்கும். சுழலும் வேகம் மெதுவில் இருக்கட்டும். திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் ஒலி வட்டமடித்து ஊளையிடும்.

கிட்டார்காரர் தன் வால்யூம் குமிழை 3க்கு இறக்கினால் போதும். டிரெபிள் பூஸ்டரும் வால்வ் ஆம்பும் இருந்தால் ஒலி தானாகத் தெளியும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே என்ன செய்வது?

பேசாதீர்கள். முழு ஆல்பம் வாசிப்பதில் பாதி வேலை இந்த இடைவெளிகளில்தான்.

'வார் பிக்ஸ்' முடிவில் பதிவு நாடாவை வேகப்படுத்தி முடித்திருப்பார்கள். கருவியில் அதைச் செய்ய முடியாது. கடைசிச் சேர்க்கையை அடித்துவிட்டு எல்லோரும் ஒரே நொடியில் கையால் தந்தியை அடக்குங்கள். மனதுக்குள் மூன்று எண்ணி 'பாரனாய்ட்'. 'பிளானட் கேரவன்' முடிந்ததும் தபேலா மைக்கை அணைக்க மிக்சரில் ஒருவர் விழிப்பாக இருக்க வேண்டும். மறந்தால் 'அயர்ன் மேன்' கிக் டிரம் அதிர்வில் பாயா தானாக முனகும். 'ஹேண்ட் ஆஃப் டூம்' முடிவதும் 'ராட் சாலட்' தொடங்குவதும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கட்டும்.

ஒத்திகையில் பாட்டுகளை விட்டுவிட்டு, ஒன்றின் கடைசி 20 நொடி, அடுத்ததன் முதல் 20 நொடி என்று ஏழு இணைப்புகளையும் தனியாகப் பத்து முறை வாசியுங்கள்.

'வார் பிக்ஸ்' தொடக்கத்தில் வரும் சைரனை எப்படி ஒலிக்கவைப்பது?

கைபேசியிலிருந்து டிஐ பெட்டி (ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக. கைபேசியை விமான முறையில் வையுங்கள், இல்லையென்றால் 'வார் பிக்ஸ்' நடுவில் யாராவது அழைப்பார்கள். மண்டபத்துக்கு வெளியே பெட்டி வைத்திருந்தால் சைரனை அதற்கு அனுப்ப வேண்டாம். ஆலைச் சங்குக்கும் பொம்பா (தீயணைப்பு) வண்டிக்கும் காது பழகிய ஊரில் மக்கள் கதவைத் திறந்து ஓடிவருவார்கள்.

எங்கள் டேவான் (மண்டபம்) எதிரொலிக்கிறது. என்ன செய்ய?

சிமென்டுத் தரை, சிமென்டுச் சுவர், தகரக் கூரை: கை தட்டினால் இரண்டு நொடி ஓடும். இப்படிப்பட்ட இடத்தில் சத்தத்தைக் கூட்டக் கூட்டத் தெளிவு குறையும். மேடையிலேயே ஒலியைக் குறைப்பதுதான் முதல் மருந்து. அடுத்து, திருவிழாப் பந்தலுக்குக் கட்டும் தடித்த துணியை வாடகைக்கு எடுத்து, மேடைக்கு எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பலன் குறைவு.

மேடை பலகையில் உள்ளீடற்று இருந்தால் பேஸ் ஆம்ப் அதை மத்தளமாக்கிவிடும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது மோசமாகக் கேட்டால் பதறவும் வேண்டாம். 200 உடல்கள் வந்து நின்றதும் எதிரொலியில் நல்ல பகுதி அடங்கிவிடும்.

300 பேர் வரை இரண்டு 15 அங்குலப் பெட்டி, இரண்டு 18 அங்குல சப், 16 சேனல் மிக்சர் போதும். ஊரில் கிடைக்காவிட்டால் ஈப்போவில் கிடைக்கும்.

மின்சாரம் எத்தனை வேண்டும்?

எல்.இ.டி. விளக்கு என்றால் எல்லாம் சேர்ந்து சுமார் 3.5 கிலோவாட். ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் ஏறக்குறைய 3 கிலோவாட் வரைதான் தாங்கும். ஒலிக்கருவி முழுவதும் (மிக்சர், பெட்டி, ஆம்ப்) ஒரு சர்க்யூட். விளக்கும் காற்றாடியும் இன்னொன்று. மிக்சரை ஒரு பக்கமும் மேடையை வேறொரு பக்கமும் செருகினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும்.

மண்டபத்தின் பின்கட்டில் தேநீர்க் கொதிகலன் எந்த சாக்கெட்டில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அது ஒன்றே 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். உங்கள் சர்க்யூட்டில் இருந்தால், 'அயர்ன் மேன்' நடுவில் யாரோ தேநீர் போடும்போது மேடை இருண்டுவிடும்.

நீட்டிப்புக் கம்பிச் சுருளை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். ரீங்காரத்தைப் போக்க எர்த் காலை வெட்டவோ கம்பியைக் கழற்றவோ கூடாது. இரண்டு கால் பிளக்கை, மேல்துளையில் பேனாவை விட்டுச் செருகும் பழக்கமும் மேடையில் வேண்டாம். கையில் கிட்டார் தந்தி, உதட்டில் மைக் என்று நிற்பவர் உடல் வழியாகத்தான் அந்த மின்சாரம் இறங்கும். நிகழ்ச்சிக்கு முன் மண்டபத்தின் இஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சரிசெய்யப்படும் வரை எதையும் செருகாதீர்கள்.

மழை வந்தால்?

மாலை நான்கிலிருந்து ஆறுவரை இடி மழை இங்கே வழக்கம். மின்னல் நெருங்கினால் அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். சவுண்ட் செக்கை மதியம் 2 மணிக்கே முடித்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி இல்லை. குளிரூட்டிய காரிலிருந்து புழுக்கமான மண்டபத்துக்கு வரும் கிட்டார் அரைமணி நேரமாவது சுருதி நிற்காது. பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருங்கள்.

அனுமதி யாரிடம்? பெயரைப் பார்த்துப் பயப்படுவார்களா?

சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கேளிக்கை அனுமதிக்கு அங்கே, கூடவே மாவட்டப் போலீசுக்கும் கடிதம். ஒரு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். வெளிநாட்டுக் கலைஞர் இருந்தால்தான் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கான அரசுக் குழு) அனுமதி. உள்ளூர்க் குழுவுக்குத் தேவையில்லை.

பயப்படுவார்களா என்றால், கேட்பார்கள். 'பிளாக் மெட்டல்' குறித்து 2000களில் நம் நாட்டில் கைதும் ஃபத்வாவும் நடந்திருக்கின்றன. 'பிளாக் சப்பாத்' என்ற பெயரைப் பார்த்ததும் அதிகாரி இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது இயல்பு. எனவே ஒவ்வொரு பாட்டும் எதைப் பற்றியது என்று மலாயில் ஒரே பக்கத்தில் எழுதி இணையுங்கள்: 'வார் பிக்ஸ்' போரைக் கண்டிக்கிறது, 'எலெக்ட்ரிக் ஃபியூனரல்' அணு அழிவை எச்சரிக்கிறது, 'ஹேண்ட் ஆஃப் டூம்' போதை ஊசியில் அழியும் மனிதனைக் காட்டுகிறது. எல்லாம் உண்மை, எதையும் மறைக்க வேண்டியதில்லை. சுவரொட்டியில் தலைகீழ்ச் சிலுவையோ மண்டையோடோ வேண்டாம்; ஆல்பத்தின் இசைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கோயில் தலைவருக்கும் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) தலைவருக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடிதத்தைவிட அது நெடுந்தூரம் போகும்.

எந்த நாள், எந்த நேரம்?

சனிக்கிழமை இரவு. மஃரிப் தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கும் ஏழரை தாண்டியும் மாறும். இஷா அதற்குப் பிறகு ஏறக்குறைய 1 மணி 10 நிமிடத்தில். பாங்கு ஒலிக்கும்போது மண்டபம் அமைதியாக இருக்க வேண்டும். 9 மணிக்குத் தொடங்கினால் இரண்டையும் தாண்டியாயிற்று, 10க்குள் முடியும். நோன்பு மாதத்தைத் தவிருங்கள். ஆடித் திருவிழாக் காலத்தையும் தவிருங்கள். உறுமிக் குழு, சவுண்ட் பெட்டி, பந்தல் துணி எதுவுமே கிடைக்காது.

பதிப்புரிமை?

பொது இடத்தில் மற்றவர் பாட்டை வாசிக்க இசைப் படைப்பாளர்களின் உரிமையைக் கவனிக்கும் எம்ஏசிபி அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். பாட்டுப் பட்டியலைக் கேட்பார்கள்.

வரிகளைத் தமிழில் பாடலாமா?

மொழிபெயர்த்துப் பாட உரிமையாளரின் தனி அனுமதி தேவை. அதற்குப் பதில், பக்கம் திருப்பும் அந்த 2 நிமிடத்தில் பாட்டுகளின் பொருளைத் தமிழில் சொல்லுங்கள். 'ஹேண்ட் ஆஃப் டூம்' எதைப் பற்றியது என்று தெரிந்து கேட்கும் கூட்டம் அந்தப் பாட்டில் பேச்சை நிறுத்தும்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுப்படி 85 டெசிபல் 8 மணி நேரம் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியென்றால் 94க்கு 1 மணி நேரம், 97க்கு அரைமணி. உங்கள் ஆல்பம் 42 நிமிடம். மிக்சர் இருக்கும் இடத்தில் சராசரி 94க்குள் நிறுத்துங்கள். வாசலில் நுரைக் காதடைப்பான் வையுங்கள். குழந்தைகளைப் பெட்டிக்கு முன் நிற்க விடாதீர்கள்.

கடைசிப் பாட்டை எப்படி முடிப்பது?

'ஃபேரிஸ் வேர் பூட்ஸ்' பதிவில் மெல்ல மங்கி மறையும், முடிவே கிடையாது. மேடையில் முடிவை நீங்கள்தான் செய்ய வேண்டும். கடைசி ரிஃப்பை எட்டு முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் பாடகர் மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு விலகட்டும். ஏழாவதில் டிரம்மர் ஹை-ஹாட்டை விட்டு ரைடுக்கு மாறுவது எல்லோருக்கும் அடையாளம். எட்டாவது முடிவில் ஈ, நால்வரும் ஒன்றாக, தானாக அடங்கும் வரை விட்டுவிடுங்கள். சத்தம் முழுதாக நின்ற பிறகே விளக்கைப் போடச் சொல்லுங்கள். இன்னொரு பாட்டு கேட்டுக் கத்துவார்கள். வாசிக்க வேண்டாம்.